மஞ்சள் கொடியும் மாளாத சந்தேகமும்: அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் நடுவர்களை ஏன் நம்புவதில்லை?

2019 ஜனவரி 20. நியூ ஆர்லியன்ஸ் நகரத்து சூப்பர்டோம் மைதானத்தில் உள்ளூர் அணியான செயின்ட்ஸும் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸும் மோதுகின்றன. ஜெயிக்கிற அணிக்கு சூப்பர் பௌல் இறுதிப்போட்டியில் இடம். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை, இரண்டு பக்கமும் 20 புள்ளிகள். செயின்ட்ஸின் ட்ரூ பிரீஸ், ஓரமாக ஓடிக்கொண்டிருந்த டாமிலீ லூயிஸை நோக்கிப் பந்தை வீசுகிறார். பந்து வந்து சேர்வதற்கு முன்பே ராம்ஸின் நிக்கெல் ரோபி-கோல்மன் பாய்ந்து வந்து லூயிஸைத் தூக்கி அடிக்கிறார். பந்து எங்கே என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இது தவறு என்று சொல்வதற்கு விதிப்புத்தகம் படித்திருக்க வேண்டியதில்லை. நடுவர்கள் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். தவறு என்று காட்டும் மஞ்சள் கொடி விழவில்லை.

கொடி விழுந்திருந்தால் செயின்ட்ஸ் மீதி நேரத்தின் பெரும்பகுதியை ஓட்டிவிட்டு, கடைசியில் பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுத்து ஜெயித்திருக்கலாம். விழாததால் அவசரமாக மூன்று புள்ளி எடுத்தார்கள், ராம்ஸுக்கு நேரம் மிச்சமிருந்தது, சமன் செய்தார்கள். கூடுதல் நேரத்தில் 57 யார்டு தூரத்திலிருந்து உதைத்து 26-23 என்று ஜெயித்தும் விட்டார்கள். சீக்கிரமே போய் இடித்துவிட்டேன் என்று ரோபி-கோல்மனே ஆட்டம் முடிந்ததும் ஒப்புக்கொண்டார். பிறகு அந்த இடிக்காக, இந்த ஆட்டத்தை நடத்தும் லீக்கான என்.எஃப்.எல். அவருக்கு 26,739 டாலர் அபராதமும் விதித்தது. களத்தில் குற்றமில்லை, அலுவலகத்தில் குற்றம். செயின்ட்ஸ் ரசிகர்களின் நிலையில் நின்று இதை யோசித்துப் பாருங்கள்.

அந்த ஊர் சும்மா இருக்கவில்லை. லூசியானா ஆளுநர் லீக்குக்குக் கடிதம் எழுதினார். ரசிகர்கள் வழக்குப் போட்டார்கள்; ஒரு வழக்கு லூசியானா உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் தள்ளுபடியானது. சூப்பர் பௌல் அன்று பல மதுக்கடைகள் ஆட்டத்தை ஒளிபரப்ப மாட்டோம் என்றன. மறுநாள் உள்ளூர் நாளிதழ் முதல் பக்கத்தைக் கிட்டத்தட்ட வெற்றாக விட்டு, சூப்பர் பௌலா, எந்த சூப்பர் பௌல் என்று மட்டும் அச்சிட்டது.

அமெரிக்கக் கால்பந்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கும் ஒரு விஷயம் கண்ணில் படும். ஆட்டத்தைப் பற்றிய பேச்சில் பாதி, நடுவர்களைப் பற்றிய புலம்பல். அதில் ஒரு பகுதி வெறும் கோபம். இன்னொரு பகுதி, இதெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்த நாடகம் என்கிற சந்தேகம். இரண்டும் ஒன்றல்ல. கோபத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு. சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அது வளர்வதற்கு லீக்கே நன்றாகத் தண்ணீர் ஊற்றுகிறது என்பது என் கருத்து. ஏன் என்று பார்க்க, முதலில் ஆட்டம் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் டவுன் என்று பெயர். முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், மூன்று புள்ளி. இதற்கு மேல் ஆயிரம் நுணுக்கம் இருக்கிறது, இப்போதைக்கு இது போதும்.

ஒரு தவறு நடந்ததாக நடுவர் நினைத்தால் இடுப்பிலிருந்து மஞ்சள் துணி ஒன்றை எடுத்து வீசுவார். அதுதான் கொடி. அதன் விலை சில சமயம் ஐந்து யார்டு. சில சமயம் ஆட்டமே. உதாரணமாக, பந்தைப் பிடிக்கப் போகிறவரை அது வருமுன் இடித்தால் அதற்குப் பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் என்று பெயர். தடுக்கும் அணி அதைச் செய்தால், தவறு எந்த இடத்தில் நடந்ததோ அங்கேயே பந்து வைக்கப்படும். பந்தை வீசுபவரான குவார்ட்டர்பேக் 40 யார்டு தள்ளி வீசியிருந்தால் 40 யார்டு இலவசம், கூடவே புதிதாக நான்கு முயற்சிகள். ஒரு மனிதர் ஒரு நொடியில் எடுக்கும் முடிவுக்கு இவ்வளவு எடை.

இதோடு ஆட்டங்களின் எண்ணிக்கையைச் சேர்த்துப் பாருங்கள். பேஸ்பால் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது, கூடைப்பந்து அணி 82. என்.எஃப்.எல். அணிக்கு மொத்தமே 17. பிளேஆஃப் சுற்றில் ஒரே ஆட்டம், தோற்றால் வீட்டுக்கு. பேஸ்பாலில் ஒரு தப்பான முடிவு மறுநாள் ஆட்டத்தில் மறந்துபோகும். இங்கே அதை ஒரு வாரம் முழுக்க அசைபோடலாம், பருவம் அதோடு முடிந்திருந்தால் இருபது வருஷம் அசைபோடலாம்.

களத்தில் ஏழு நடுவர்கள் இருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை. தலைமை நடுவருக்கு மட்டும் வெள்ளைத் தொப்பி. ஏழு பேர் 22 ஆட்டக்காரர்களைக் கவனிக்க வேண்டும், அதுவும் நூறு கிலோவைத் தாண்டிய உடம்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இடத்தில். பெரும்பாலானோருக்கு இது முழுநேர வேலையும் அல்ல. பிரபலமான தலைமை நடுவராக இருந்த எட் ஹோக்கலி வாரநாட்களில் வழக்கறிஞர். வால்ட் கோல்மனுடையது பால் பண்ணைக் குடும்பம். சம்பளம் நன்றாகவே இருக்கிறது, சராசரியாக வருடத்துக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல். ஆனாலும், கோடி கோடியாகப் புரளும் தொழிலில் முடிவெடுப்பவர் பகுதிநேர ஊழியரா என்ற கேள்வி ரசிகர்களிடம் வருஷா வருஷம் எழுகிறது. எனக்கு இந்தக் கேள்வியில் பெரிய நம்பிக்கை இல்லை. முழுநேரமாக்கினால் கண் கூர்மையாகிவிடுமா என்ன?

பகுதிநேரமோ இல்லையோ, பயிற்சி இல்லாதவர்கள் வந்தால் என்ன ஆகும் என்பதை 2012இல் எல்லாரும் பார்த்தார்கள். சம்பள, ஓய்வூதியத் தகராறில் லீக் தன் நடுவர்களை வெளியே நிறுத்திவிட்டு, மாற்று ஆட்களை வைத்து பருவத்தைத் தொடங்கியது. செப்டம்பர் 24, திங்கள் இரவு, சியாட்டிலில் கிரீன் பே பேக்கர்ஸுக்கும் சீஹாக்ஸுக்கும் ஆட்டம். கடைசி நொடியில் ரஸ்ஸல் வில்சன் வீசிய பந்துக்கு ஒரு கூட்டமே எம்பியது. பேக்கர்ஸின் எம்.டி. ஜென்னிங்ஸ் பந்தை நெஞ்சோடு அணைத்திருந்தார், சீஹாக்ஸின் கோல்டன் டேட்டும் அதில் கை வைத்திருந்தார். ஓடி வந்த இரண்டு நடுவர்களில் ஒருவர் இரு கைகளையும் உயர்த்தி டச்டவுன் என்றார். பக்கத்தில் நின்ற இன்னொருவர் தலைக்கு மேல் கைகளை அசைத்து வேறு சைகை காட்டினார். ஒரே இடம், ஒரே பந்து, இரண்டு சைகை. அந்தப் புகைப்படம் இன்றுவரை சுற்றுகிறது. சீஹாக்ஸ் 14-12 என ஜெயித்தது. இரண்டே நாளில் லீக் பழைய நடுவர்களோடு ஒப்பந்தம் போட்டது. பழையவர்கள் களத்துக்குத் திரும்பிய முதல் ஆட்டத்தில் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நடுவர்களுக்குக் கைதட்டல் கிடைத்த நாள் அநேகமாக அது ஒன்றுதான்.

சரி, கேமரா இருக்கிறதே, போட்டுப் பார்த்துத் திருத்திக்கொண்டால் என்ன? திருத்துகிறார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டுக்கே ஒரு நீண்ட கதை உண்டு. ரீப்ளே 1986இல் வந்தது, ஆட்டம் இழுத்துக்கொண்டே போகிறது என்ற முணுமுணுப்பில் 1991 பருவத்தோடு போனது. அப்புறம் 1998இல் பத்து நாள் இடைவெளியில் இரண்டு கூத்துகள் நடந்தன. நவம்பர் 26 அன்று பிட்ஸ்பர்க்குக்கும் டெட்ராய்ட்டுக்கும் கூடுதல் நேர ஆட்டம். நாணயம் சுண்டும்போது பிட்ஸ்பர்க்கின் ஜெரோம் பெட்டிஸ் என்ன சொன்னார் என்பதிலேயே தகராறு. பூ என்றுதான் சொன்னேன் என்றார் அவர், தலை என்று கேட்டதாகச் சொன்னார் தலைமை நடுவர் ஃபில் லக்கட். டெட்ராய்ட்டுக்குப் பந்து போனது, ஆட்டமும் போனது. டிசம்பர் 6 அன்று நியூயார்க் ஜெட்ஸின் வின்னி டெஸ்டவெர்டி கோட்டுக்கு முன்பே விழுந்தார். அவருடைய ஹெல்மெட் கோட்டைத் தாண்டியது, பந்து தாண்டவில்லை. டச்டவுன் என்று கை தூக்கினார்கள். சியாட்டில் ஒரு புள்ளியில் தோற்றது. அன்றைக்கும் அந்தக் குழுவுக்குத் தலைமை ஃபில் லக்கட்தான், பாவம். அடுத்த வருடமே ரீப்ளே திரும்பி வந்தது.

இப்போது நடைமுறை இதுதான். முடிவு தப்பு என்று பயிற்சியாளர் நினைத்தால் சிவப்புத் துணியை எறிந்து சேலஞ்ச் செய்யலாம். தோற்றால், ஆட்டத்தைச் சற்று நிறுத்திவைக்கும் வாய்ப்பான டைம் அவுட் ஒன்று போய்விடும். ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களில் மைதானத்தின் மேலிருக்கும் ரீப்ளே அதிகாரியே நிறுத்திப் பார்ப்பார். இறுதி முடிவு 2017 முதல் நியூயார்க்கில் இருக்கும் லீக் தலைமையகத்தில். களத்தில் சொன்னதை மாற்றத் தெளிவான, வெளிப்படையான ஆதாரம் வேண்டும். கிரிக்கெட்டில் அம்பயர்ஸ் கால் இருப்பது போலத்தான். சந்தேகமாக இருந்தால் முதலில் சொன்னது நிற்கும்.

இங்கேதான் புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவார்கள். பந்து கோட்டைத் தாண்டியதா, கால் வெளியே பட்டதா என்பதையெல்லாம் ரீப்ளேயில் பார்க்கலாம். ஆனால் ஆட்டத்தை அதிகம் பாதிக்கும் தவறுகள் பலவற்றை, ஹோல்டிங் (எதிராளியைப் பிடித்து இழுப்பது), பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் போன்றவற்றை, சேலஞ்ச் செய்ய முடியாது. அவை நடுவரின் கணிப்பைப் பொறுத்தவை என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நியூ ஆர்லியன்ஸ் விவகாரத்தில் உலகமே டிவியில் பார்த்ததை நடுவர் மட்டும் பார்க்க முடியாமல் போனது அதனால்தான்.

அந்தக் கலவரத்துக்குப் பிறகு லீக் ஒரு பரிசோதனை செய்தது. 2019 பருவத்துக்கு மட்டும் பாஸ் இன்டர்ஃபியரன்ஸையும் சேலஞ்ச் செய்யலாம் என்று அணி உரிமையாளர்கள் 31-1 என வாக்களித்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? நடந்தது வேறு. பயிற்சியாளர்கள் துணியை எறிந்தார்கள், நியூயார்க்கிலிருந்து பெரும்பாலும் களத்தில் சொன்னது நிற்கிறது என்றே பதில் வந்தது. எந்த அளவு இடித்தால் மாற்றுவார்கள் என்று யாருக்கும் பிடிபடவில்லை. மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எல்லா உரசலும் தவறாகத்தான் தெரியும். அப்படியானால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எதையும் மாற்றக்கூடாது. நடுவில் நிற்க இடமில்லை. ஒரே பருவத்தில் அந்த விதியைக் கைவிட்டார்கள்.

சில சமயம் நடுவர் சரியாகத்தான் செய்திருப்பார், விதிதான் விபரீதமாக இருக்கும். 2002 ஜனவரி 19, பாஸ்டனுக்கு அருகே பனி கொட்டும் இரவு. ரெய்டர்ஸின் சார்லஸ் வுட்சன், பேட்ரியட்ஸின் இளம் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியை இடிக்க, பந்து நழுவியது, ரெய்டர்ஸ் எடுத்துக்கொண்டது. ஆட்டம் முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். நம் பால் பண்ணைக்காரர் வால்ட் கோல்மன் ரீப்ளே பார்த்துவிட்டு வந்து, பிரேடியின் கை முன்னோக்கி நகர்ந்திருந்தது, எனவே இது நழுவல் அல்ல, நிறைவேறாத வீச்சு என்றார். வீசும் எண்ணத்தைக் கைவிட்டுப் பந்தை உடம்போடு அணைக்கும்போது நழுவினாலும் அது வீச்சுத்தான் என்று அப்போது ஒரு விதி இருந்தது, டக் ரூல். விதிப்படி முடிவு சரி. பேட்ரியட்ஸ் 16-13 என ஜெயித்து, அந்த வருட சூப்பர் பௌலையும் ஜெயித்தது. ரெய்டர்ஸ் ரசிகர்களிடம் போய் விதிப்படி சரி என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். 2013இல் அந்த விதியையே நீக்கிவிட்டார்கள்.

பந்தைப் பிடித்தால் பிடித்ததுதானே? அதிலும் சிக்கல். 2010 செப்டம்பரில் டெட்ராய்ட்டின் கால்வின் ஜான்சன் கடைசி நிமிடத்தில் எம்பிப் பிடித்து, இரண்டு காலும் ஊன்றி, கீழே விழுந்து எழும்போது பந்தைத் தரையில் விட்டார். பிடி செல்லாது. விழும்போது தரையில் பட்ட பிறகும் பந்து கையில் நிலைத்திருக்க வேண்டும் என்றது விதி. 2015 ஜனவரியில் பிளேஆஃப் ஆட்டம் ஒன்றில் டல்லஸின் டெஸ் பிரையன்ட் அதேபோல் எம்பி, பிடித்து, கோட்டை நோக்கித் தாவினார். களத்தில் பிடி என்றார்கள், ரீப்ளேயில் மாற்றினார்கள். டல்லஸ் 26-21 எனத் தோற்றது. ஒரு தலைமுறை ரசிகர்கள் பிடி என்றால் என்ன என்று தெரியாமலே ஆட்டம் பார்த்தார்கள் என்றால் மிகையில்லை. 2018இல் அந்தத் தரை நிபந்தனையைத் தூக்கிவிட்டு விதியை எளிமையாக்கினார்கள்.

இந்த இரண்டு ஆட்டத்துக்கும் தலைமை நடுவர் ஒரே ஆள், ஜீன் ஸ்டெரட்டோர். 2017 டிசம்பரில் இன்னொன்று செய்தார். பத்து யார்டு ஆகிவிட்டதா என்று சங்கிலி வைத்து அளந்தபோது பந்துக்கும் கம்பத்துக்கும் இடையே இடைவெளி தெரியவில்லை. பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மடித்து நடுவே செருகிப் பார்த்து, பத்து யார்டு ஆகிவிட்டது என்று கை காட்டினார்! பல நூறு கோடி டாலர் தொழிலில் முடிவைச் சொன்னது ஒரு மடித்த அட்டை. அடுத்த வருடம் ஓய்வு பெற்றுத் தொலைக்காட்சியில் விதி விளக்குபவராகச் சேர்ந்தார்.

இந்த விதி விளக்குபவர் வேலையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒவ்வொரு பெரிய சேனலும் ஒரு முன்னாள் நடுவரை வைத்திருக்கிறது. சர்ச்சை வந்ததும் அவர் நேரலையில், என் பார்வையில் இது தவறான முடிவு என்கிறார். களத்தில் முடிவு மாறாது. பல கோடிப் பேர் பார்க்கும் ஆட்டத்தில், அந்தத் துறையிலேயே ஊறிய ஆள் தப்பு என்று சொல்லும்போது தப்பு அப்படியே நிற்கிறது. ரசிகனுக்கு அறிவு கூடுகிறது, நம்பிக்கை குறைகிறது.

இனி சந்தேகத்துக்கு வருவோம்.

2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயத்தைப் பெரும்பாலான மாநிலங்களில் தடுத்து வைத்திருந்த கூட்டாட்சிச் சட்டத்தை ரத்து செய்தது. அதுவரை பந்தயத்தை வெளிப்படையாக எதிர்த்து நீதிமன்றம் வரை போன லீக்குகளில் என்.எஃப்.எல்.லும் ஒன்று. மூன்றே வருடத்தில், 2021 ஏப்ரலில், சீசர்ஸ், டிராஃப்ட்கிங்ஸ், ஃபேன்டுவல் ஆகிய பந்தய நிறுவனங்களை அதிகாரப்பூர்வக் கூட்டாளிகளாக அறிவித்தது. 2024இல் சூப்பர் பௌல் லாஸ் வேகஸிலேயே நடந்தது. ஆட்டக்காரர் ஒருவர் என்.எஃப்.எல். ஆட்டத்தில் பந்தயம் கட்டினால் குறைந்தது ஒரு பருவம் தடை. கால்வின் ரிட்லிக்கு 2022இல் அதுதான் நடந்தது. லீக் பந்தயக் கம்பெனியிடம் பணம் வாங்கினால் அது விளம்பரம். இந்த வித்தியாசத்தைச் சட்டப்படி விளக்கிவிடலாம். சோபாவில் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு அது உறைக்காது.

பந்தயம் கட்டுபவர்களுக்கு யார் ஜெயிப்பார் என்பது மட்டும் விஷயமல்ல. எத்தனை புள்ளி வித்தியாசம், இரு அணிகளும் சேர்ந்து மொத்தம் எத்தனை, இன்னார் எத்தனை யார்டு ஓடுவார் என்றெல்லாம் கட்டுகிறார்கள். ஏழு புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று கட்டியவனுக்கு, பத்துப் புள்ளி முன்னிலையில் இருக்கும் ஆட்டத்தின் கடைசி நிமிடக் கொடிகூட உயிர் போகும் விஷயம். முன்பு ஜெயிக்கிற பக்கத்து ரசிகர்கள் கவனிக்காமல் விட்ட தவறுகள் இப்போது யாரோ ஒருவருடைய பணம். புலம்பல் கூடியிருக்கிறது என்று தோன்றினால் இதுவும் ஒரு காரணம்.

நடுவர் விலைபோவது நடக்கவே நடக்காது என்றும் சொல்ல முடியாது. கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில் டிம் டோனகி என்ற நடுவர் தான் பங்கேற்ற ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டி, 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். என்.எஃப்.எல். நடுவர் யாரும் அப்படி ஆட்டத்தை விற்றதாக நிரூபிக்கப்பட்டதில்லை. ஆனால் டோனகி பெயர் எல்லாருக்கும் தெரியும்.

சமீப வருடங்களில் இந்தச் சந்தேகம் அதிகம் குவிந்தது கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் மீது. நட்சத்திரம் பேட்ரிக் மஹோம்ஸ் இருக்கும் அணி, அடிக்கடி ஜெயிக்கும் அணி. 2023 பிப்ரவரி 12 சூப்பர் பௌலில் ஃபிலடெல்பியா ஈகிள்ஸோடு 35-35 என்று சமநிலை. இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. மஹோம்ஸ் வீசிய பந்து யாருக்கும் எட்டாமல் போகிறது. ஆனால் கொடி விழுகிறது. ஈகிள்ஸின் ஜேம்ஸ் பிராட்பெரி, ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டரைப் பிடித்து இழுத்தார் என்று ஹோல்டிங். சீஃப்ஸ் நேரத்தைக் கரைத்து, எட்டு நொடி இருக்கும்போது உதைத்து 38-35 என ஜெயித்தது. மைதானம் கொதித்தது. பிராட்பெரியோ ஆட்டத்துக்குப் பிறகு, ஆமாம், சட்டையை இழுத்தேன், விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன் என்று சொல்லிவிட்டார்.

ஆக முடிவு சரி, இழுத்தவரே சாட்சி. அப்படியும் ரசிகர்கள் ஆறவில்லை, காரணம் இருக்கிறது. ஆட்டம் முழுக்க அந்த மாதிரி சின்ன இழுப்புகளைக் கண்டுகொள்ளாமல் விட்டவர்கள் கடைசி நிமிடத்தில் ஏன் கண்டார்கள் என்பதுதான் அவர்கள் கேள்வி. ஹோல்டிங்கைத் தேடினால் ஒவ்வொரு முயற்சியிலும் ஒன்று கிடைக்கும் என்பது இந்த ஆட்டத்தில் எல்லாரும் சொல்வது. அப்படியானால் கொடி போடுவது என்பது தவறைக் கண்டுபிடிப்பதல்ல, எந்தத் தவறைப் பெரிதுபடுத்துவது என்று தேர்ந்தெடுப்பது. தேர்ந்தெடுக்கும் இடத்தில் சாய்வு இருக்கிறதா என்று கேட்பது மனித இயல்பு. இந்தப் புள்ளியில் நான் ரசிகர்கள் பக்கம்தான்.

அதே ரசிகர்கள் எல்லாம் எழுதி வைத்த திரைக்கதை என்று சொல்லும்போது அந்தப் பக்கம் நிற்க முடியவில்லை. சூப்பர் பௌல் சின்னத்தின் நிறங்களை வைத்து இறுதிக்கு யார் வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றொரு கதை உலவியது. 2024 சின்னத்தில் ஊதாவும் சிவப்பும் இருந்ததால் பால்டிமோர் ரேவன்ஸும் சான் பிரான்சிஸ்கோவும்தான் என்று அடித்துச் சொன்னார்கள். ஊதா நிற ரேவன்ஸை சீஃப்ஸ் 17-10 என்று வீட்டுக்கு அனுப்பியது. கதை சாகவில்லை, சீஃப்ஸும் சிவப்புதானே என்றார்கள். 2025இல் மூன்றாவது தொடர் கோப்பையை சீஃப்ஸுக்கு லீக் கொடுத்துவிடும் என்று பேசினார்கள். ஈகிள்ஸிடம் 40-22 என்று உதை வாங்கியது சீஃப்ஸ். நடுவர் சங்கம் இந்தக் குற்றச்சாட்டுகளை அவமதிப்பு என்றது, லீக் ஆணையர் ராஜர் குடெல் அபத்தம் என்றார்.

அபத்தம்தான். ஆனால் அதைச் சொல்ல லீக்குக்கு முகம் இருக்கிறதா? ஒவ்வொரு நடுவருக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் லீக் மதிப்பெண் போடுகிறது. நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்குத்தான் பிளேஆஃப் வாய்ப்பு. அந்த மதிப்பெண்கள் வெளியே வருவதில்லை. நடுவர்களைப் பயிற்சியாளர் வெளிப்படையாகத் திட்டினால் அபராதம். ஆட்டம் முடிந்ததும் நிருபர் ஒருவர் மட்டும் தலைமை நடுவரிடம் சில கேள்விகள் கேட்கலாம். பதில் பெரும்பாலும் விதியின் வாசகம்தான். நியூ ஆர்லியன்ஸ் விஷயத்தில் குடெல் பொதுவெளியில் வாய் திறக்கப் பத்து நாளானது. 2006 சூப்பர் பௌலின் தலைமை நடுவர் பில் லீவி, நான்காம் கால்பகுதியில் இரண்டு முடிவுகளைத் தவறாக எடுத்தேன், அது ஆட்டத்தைப் பாதித்தது என்று ஒப்புக்கொண்டது 2010இல். நான்கு வருடம்! தோற்ற சியாட்டில் ரசிகர்கள் அதுவரை தங்களைப் பைத்தியக்காரர்கள் என்று மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கிரிக்கெட்டில் மூன்றாவது நடுவர் பேசுவது நமக்குக் கேட்கிறது. எந்தக் கோணம் கேட்டார், எதைப் பார்த்து முடிவு செய்தார் என்று தெரிகிறது. முடிவு பிடிக்காவிட்டாலும் வழி தெரிகிறது. 2020இல் மறுபடி தொடங்கிய எக்ஸ்.எஃப்.எல். என்ற சின்னப் போட்டி லீக் ரீப்ளே அறைக்குள்ளேயே கேமராவையும் ஒலிவாங்கியையும் வைத்து நேரலையில் காட்டியது, வானம் இடிந்து விழவில்லை. என்.எஃப்.எல்.லில் தலைமை நடுவர் மைக்கைத் தட்டி முடிவை மட்டும் அறிவிக்கிறார். மூடிய அறைக்குள் என்ன நடந்தது என்பதை ரசிகர்கள் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள்.

மாற்றம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். 2025 பருவத்திலிருந்து, பத்து யார்டு ஆனதா என்று அளக்கச் சங்கிலிக்குப் பதில் மைதானத்தைச் சுற்றிப் பொருத்திய ஹாக்-ஐ கேமராக்கள் வந்துவிட்டன. சங்கிலி ஓரத்தில் துணைக்கு நிற்கிறது. ஆனால் அதற்கு முந்தைய பருவத்தில், 2025 ஜனவரி 26 அன்று நடந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீஃப்ஸுக்கு எதிராக பஃபலோ பில்ஸ் 22-21 என முன்னிலை, நான்காவது முயற்சி, சில அங்குலம்தான் பாக்கி. ஜோஷ் ஆலன் குவியலுக்குள் பாய்கிறார். இரு ஓரத்திலிருந்தும் நடுவர்கள் ஓடி வருகிறார்கள். ஒருவர் காட்டிய இடம் முன்னால், மற்றவர் காட்டியது பின்னால். பின்னால் இருந்த இடத்தை எடுத்தார்கள், பத்து யார்டு ஆகவில்லை என்றார்கள், ரீப்ளேயும் மாற்றவில்லை. சேனலில் இருந்த விதி விளக்குபவர், நம் அட்டைக்கார ஸ்டெரட்டோர்தான், பத்து யார்டு ஆகிவிட்டது என்றே தனக்குப் பட்டதாகச் சொன்னார். சீஃப்ஸ் அந்தப் பந்தை வாங்கி டச்டவுன் போட்டு, கடைசியில் 32-29 என ஜெயித்தது.

புதிய கேமரா இதற்கு எதுவும் செய்யாது. வைத்த பந்திலிருந்து எட்ட வேண்டிய கோட்டுக்கு எவ்வளவு தூரம் என்று அது துல்லியமாகச் சொல்லும். பந்தை எங்கே வைப்பது என்பதை இப்போதும் ஓடி வரும் நடுவர்தான், குவியலுக்குள் எட்டிப் பார்த்து, தன் கால் முனையால் குறிக்கிறார்.